அளவுகள் கரைசேரும் வழி

சென்னையிலிருந்து தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவடையும் மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளங்களின் வரவும் இழப்பும் மழையைச் சார்ந்தே அமைகின்றன. ஜனவரியில் பாத்திகளைச் சீர்செய்து, உவர்நீரைப் பாய்ச்சி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, அதன் அடர்த்தியைப் படிப்படியாக உயர்த்தும் வேலை வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை நடக்கிறது. இந்த அடர்த்தியைப் ‘போமே’ என்னும் அலகில் அளப்பது உப்புத் தொழிலின் வழக்கம். பேச்சில் ‘டிகிரி’ என்றாலே அது விளங்கிவிடும். 3 டிகிரி அளவில் இருக்கும் கடல்நீர் வற்றி வற்றி 25 டிகிரியை எட்டும்போதுதான் சமையல் உப்புப் படிகமாக இறங்கத் தொடங்குகிறது என்பதால், ஒரு பாத்தியில் நிற்கும் முற்றிய உவர்நீர் என்பது பல நாள் வெயிலின் சேமிப்பு எனலாம். 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு உவர்நீர் நிற்கும் பாத்தியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், நீரின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, அடர்த்தி குறைகிறது, இறங்கிய படிகமும் கரையத் தொடங்குகிறது. நகரவாசி குடைகூட எடுக்காமல் கடந்து செல்லும் தூறல், உப்பளத்தில் ஒரு வாரத்து உழைப்பை அழித்துவிடக் கூடும்.

மழை வரும் செய்தி சில மணி நேரம் முன்னதாகக் கிடைத்தால், விளைந்த உப்பை வாரி வரப்பில் ஒதுக்கிக் குவித்து, கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடிவிடலாம். அதே செய்தி முதல் துளி விழுந்த பின் வந்தால் அதனால் பயனில்லை. எனவே, அச்செய்தி எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நகர்கிறது, யார் யாரிடம் போய்ச் சேருகிறது என்பவை வானிலை அறிஞர்கள் மட்டுமே அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அல்ல. ஓர் இடத்தில் நிற்கும் கருவி எடுத்த அளவைத் தொலைவில் உள்ள இன்னோர் இடத்துக்குத் தானாகவே அனுப்பிவைக்கும் முறைக்கு டெலிமெட்ரி, அதாவது தொலை அளவீடு, என்று பெயர். பல கருவிகளிடமிருந்து அளவுகளைப் பெற்று, ஒழுங்குபடுத்தி, வேண்டிய இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் இடைநிலை அமைப்பைத் திரட்டி என்றும், அது அனுப்பும் ஒவ்வொரு தொலை இலக்கையும் சேர்முனை என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. கருவி வாங்குவதற்குப் பணமும் விழாவும் எளிதில் கிடைக்கின்றன. எதை, எவ்வளவுக்கு ஒருமுறை, என்ன அடையாளத்தோடு, யாருக்கு அனுப்புவது, வழி அடைபட்டால் என்ன செய்வது என்று முடிவுசெய்யும் அமைவு வேலைக்கு அத்தகைய கவனம் கிடைப்பதில்லை. ஆயினும் அளவீட்டின் பயன் முழுவதும் அந்த அமைவில்தான் அடங்கியிருக்கிறது.

இதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு மரக்காணத்துக்கு நேர் கிழக்கே, வங்கக் கடலில் இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்டு, இன்று சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1996 முதல் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தும் திட்டத்தை நடத்தி வருகிறது. அவற்றுள் ‘ஆம்னி’ என்று பெயரிடப்பட்ட ஆழ்கடல் மிதவைகள் காற்று, காற்றழுத்தம், மழை, அலை ஆகியவற்றை மேற்பரப்பில் அளப்பதோடு, 500 மீட்டர் ஆழம்வரை பல மட்டங்களில் நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. மாற்றம் மிகுந்திருக்கும் மேல்தட்டில் உணரிகள் நெருக்கமாகவும், மாற்றம் குறைந்த கீழ்ப்பகுதியில் இடைவெளி விட்டும் பொருத்தப்பட்டிருக்கின்றன. இந்த உணரிகளுக்குத் தனித்தனியே மின்கம்பி கிடையாது. மிதவையைக் கடலடியோடு பிணைத்திருக்கும் எஃகு வடத்தைச் சுற்றி அவை கவ்விப் பிடித்திருக்கின்றன. காந்தத் தூண்டல் முறையில் அந்த வடமே செய்தி ஏறிவரும் பாதையாகிவிடுகிறது. மேலே மிதக்கும் கலத்திலுள்ள பதிவுக் கருவி ஒவ்வோர் உணரியையும் அதன் எண்ணைச் சொல்லிக் கேட்டு, விடைகளைத் திரட்டி, நேரத்தையும் தான் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கட்டி, செயற்கைக்கோள் வழியாகப் பள்ளிக்கரணைக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது ஹைதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையத்துக்கும் வானிலைத் துறைக்கும் செல்கிறது. உலக வானிலை அமைப்பின் தொலைத்தொடர்பு வலையில் ஏறி, பிற நாட்டு முன்னறிவிப்பு நிலையங்களையும் அடைகிறது.

மிதவை தான் அளந்த அனைத்தையும் அனுப்புவதில்லை. சூரியப் பலகை தரும் மின்சாரத்துக்கும் செயற்கைக்கோள் வழிக்கும் எல்லை உண்டு என்பதால், உடனடி முன்னறிவிப்புக்குத் தேவையானவை மட்டும் சுருக்கி அனுப்பப்படுகின்றன. அடர்த்தியான மூல அளவுகள் மிதவையின் நினைவகத்திலேயே தங்கி, பராமரிப்புக்காகக் கப்பல் வரும்போது எடுக்கப்படுகின்றன. எதை உடனே அனுப்புவது, எதைப் பின்னர் எடுத்துக்கொள்வது என்ற இந்தப் பகுப்பைச் சிக்கனம் என்று மட்டும் கொள்வது குறைவான மதிப்பீடாகும். எல்லாவற்றையும் அனுப்ப முயலும் அமைப்பு நெருக்கடி நேரத்தில் எதையும் அனுப்ப முடியாமல் போகும் என்பதால், விடுவதைத் தீர்மானிக்கும் அறிவும் அளப்பதைத் தீர்மானிக்கும் அறிவைப் போன்றே அடிப்படையானது.

ஆழத்தின் அளவு உப்பளத்துக்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். புயல் தன் ஆற்றலைக் கடலின் வெப்பத்திலிருந்து பெறுகிறது. மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்து அடியில் குளிர்ந்த நீர் இருந்தால், புயற்காற்று கடலைக் கலக்கும்போது அந்தக் குளிர்நீர் மேலெழுந்து புயலின் வலுவைக் குறைக்கும். வெதுவெதுப்பான நீர் ஆழம்வரை இருந்தால் அந்தத் தடை இல்லாமற் போகும். வங்கக் கடலில் இன்னொரு கூறும் சேர்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், மழைநீரோடு சேர்ந்து, வடபகுதியில் மேற்பரப்பின் உப்புத்தன்மையைப் பருவமழைக்குப் பின் ஆயிரத்துக்கு 30 பங்குக்கும் கீழே இறக்கிவிடுகிறது. எடை குறைந்த அந்த நீர் மேலே ஓர் அடுக்காகத் தங்கி, அடிநீர் கலந்து மேலெழுவதைத் தடுக்கிறது. ஆண்டின் இறுதி மாதங்களில் இக்கரையோரக் கடல் நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, அந்த நன்னீர் கலந்த நீரைத் தமிழகக் கரையோரமாக இழுத்து வருகிறது. ஆகவே ஒரு நாளின் மேற்பரப்பு வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணைக் கொண்டு புயலின் போக்கை மதிப்பிட முடியாது. மேலிருந்து கீழாக, எந்த மட்டத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு உப்பு என்று காட்டும் முழு ஆழ விவரம் வேண்டும்.

மிதவைகள் நிற்கும் இடங்களில் மட்டுமே அந்த விவரத்தைத் தர முடியும் என்பதால், அலைந்து திரியும் கருவிகளும் தேவைப்படுகின்றன. ‘ஆர்கோ’ என்ற பன்னாட்டுத் திட்டத்தின் மிதப்பான்கள் அத்தகையவை. 2007 நவம்பரில் அவற்றின் எண்ணிக்கை திட்டமிட்ட 3,000ஐ எட்டியது. ஒரு மிதப்பான் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்துசெல்கிறது. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர்வரை இறங்கி, அங்கிருந்து மெல்ல மேலேறும் வழியில் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்துகொண்டே வந்து, மேற்பரப்பில் தலைநீட்டிச் செயற்கைக்கோளிடம் செய்தியை ஒப்படைத்துவிட்டு மீண்டும் மூழ்குகிறது. தொடக்கக் காலத்து மிதப்பான்கள் பயன்படுத்திய செயற்கைக்கோள் முறையில், அனுப்பிய செய்தி சேர்ந்ததா என்பதைக் கருவி அறிய வழியில்லை. ஆகவே அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பியபடி பல மணி நேரம் அலைகளிடையே கிடக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த ‘இரிடியம்’ முறையில் சேர்ந்ததற்கான ஒப்புகை திரும்பிவருவதால், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே மேற்பரப்பில் இருந்தால் போதும். அடுத்த முறை எவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மேலே வர வேண்டும் என்ற புதிய கட்டளையையும் கரையிலிருந்து அனுப்பிவிடலாம்.

ஆர்கோவின் சேர்முனை அமைப்பு மிகவும் பாராட்டத்தக்கது. இந்தியாவின் மிதப்பான்கள் தரும் ஆழ விவரங்களை ஹைதராபாத் மையம் பெற்று, தானியங்கிச் சோதனைகளுக்கு உட்படுத்தி, ஒவ்வோர் அளவுக்கும் அதன் நம்பகத்தைக் குறிக்கும் எண்ணை இடுகிறது. 1 என்றால் நல்லது, 4 என்றால் தவறானது. இவ்வாறு பல நாட்டு மையங்கள் தயாரிக்கும் கோப்புகள் பிரான்சின் பிரெஸ்டு நகரிலும் அமெரிக்காவின் மான்ட்டரேயிலும் உள்ள இரண்டு உலகக் களஞ்சியங்களுக்குச் செல்கின்றன. அவ்விரண்டும் ஒன்றின் படியாக மற்றொன்று இருப்பதால், ஒன்று முடங்கினாலும் மற்றொன்றிலிருந்து எவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளுக்குள் அனுப்பப்படும் விரைவுப் பிரதி முன்னறிவிப்புக்கும், பல மாதம் கழித்து வல்லுநர்கள் திருத்தி வெளியிடும் பிரதி ஆய்வுக்கும் என்று ஒரே அளவு இரு வேகங்களில் இரு தேவைகளுக்காகப் பயணிக்கிறது. சேர்முனைகளின் தேவை ஒரே மாதிரியானது அல்ல என்பதை இத்திட்டம் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நிலைமைக்கேற்ப அனுப்பும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் அமைவுக்குச் சுனாமி மிதவைகள் சான்றாகின்றன. 2004 டிசம்பர் 26இல் இக்கரையும் அழிவைக் கண்ட பின், 2007 அக்டோபரில் ஹைதராபாத் மையத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடலடியில் வைக்கப்படும் அழுத்தமானி தனக்கு மேலே நிற்கும் நீரின் கனத்தை அளந்து, ஒலியலை மூலம் மேற்பரப்பு மிதவைக்குச் சொல்ல, மிதவை அதைச் செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது. இவ்வகை மிதவைகளுக்கு முன்னோடியான அமெரிக்கக் கருவிகளில், 15 விநாடிக்கு ஒருமுறை அளவு எடுக்கப்பட்டாலும், அமைதியான நாள்களில் கால் மணிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் அளவுகள் அனுப்பப்படுகின்றன. ஓதத்தின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கணித்து, அதிலிருந்து வரம்பு மீறிய விலகலைக் கருவி தானே கண்டுகொண்டால், உடனே நிகழ்வு நிலைக்கு மாறி, முதலில் 15 விநாடி அளவுகளையும் பிறகு நிமிடச் சராசரிகளையும் அனுப்புகிறது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது தமிழகக் கரையோரத்தில் மக்கள் மேட்டுப்பகுதிகளுக்கு வெளியேற்றப்பட்டனர். கடலில் எழுந்த அலை சிறியது என்பதைக் கடல் அளவுகள் காட்டிய பின், அன்றே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆபத்தை அறிவிப்பதோடு, ஆபத்து இல்லை என்பதை விரைவில் உறுதிசெய்து மக்களை வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் தொலை அளவீட்டின் பணியே.

இவ்வளவு அளவுகளும் கரைசேர்ந்த பின் அவற்றைக் கையாளுபவை கணினிகள். பல்லாயிரம் இடங்களிலிருந்து வரும் எண்களைப் படித்து, பிழை நீக்கி, வளிமண்டலத்தின் சமன்பாடுகளில் ஏற்றி, அடுத்த சில நாள்களின் வானிலையைக் கணக்கிடும் நிரல்கள் குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால், முன்னறிவிப்பு நடந்து முடிந்த மழையின் வருணனையாகிவிடும். எனவே கணினிகளையும் அளக்க வேண்டியிருக்கிறது; அதற்கென ஒரு தனித் தொலை அளவீட்டுக் கலை கடந்த சில ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. வானிலைப் பணிக்கு மட்டும் உரியதாக அன்றி, வங்கி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம் என்று நாள்தோறும் பயன்படும் எல்லா இணையச் சேவைகளின் பின்னணியிலும் இது இயங்கக்கூடியது.

ஒரு சர்வர் எவ்வளவு பளுவோடு இருக்கிறது என்பதைச் சொல்ல ஓர் எண் போதும். எந்த வேலையால் அந்தப் பளு ஏறியது என்பதைச் சொல்ல அது போதாது. அதற்குத்தான் செயல்திறன் விவரம் எடுக்கப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை விநாடிக்கு இருபது முறையோ நூறு முறையோ, ஒரு கணம் எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்தச் செயற்கூறு வேலைசெய்கிறது, அதை அழைத்தது எது, அதற்கும் மேலே அழைத்தது எது என்று அடுக்கு முழுவதையும் குறித்துக்கொள்வதே இதன் முறை. ஒரு நிமிடத்துக்கு இவ்வாறு எடுத்த குறிப்புகளை எண்ணிப் பார்த்தால், நேரம் எங்கே செலவாகிறது என்பது புலப்படும். நூறு முறை பார்த்ததில் அறுபது முறை கோப்பை விரித்துப் படிக்கும் செயற்கூறே அகப்பட்டால், கணக்கீட்டைக் குறைசொல்ல வேண்டியதில்லை, படிக்கும் முறையைத் திருத்த வேண்டும். பிரெண்டன் கிரெக் 2011இல் உருவாக்கிய ‘ஃபிளேம் கிராஃப்’ என்ற வரைபடம் இந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, அகலமான பட்டை எதுவோ அதுவே அதிக நேரம் எடுப்பது என்று ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. கூகுள் நிறுவனம் தன் சர்வர்கள் அனைத்திலும் இத்தகைய அளவீட்டை இடைவிடாமல் நடத்தும் முறையை 2010இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. எப்போதாவது ஆய்வகத்தில் எடுக்கப்பட்டு வந்த விவரம், இயங்கும் சேவையிலிருந்தே நாள் முழுவதும் எடுக்கப்படும் நிலைக்கு அது வழிகாட்டியது.

பல நூறு சர்வர்களில் இவ்வாறு எடுக்கப்படும் விவரங்களைத் தொலைவில் உள்ள சேமிப்பகங்களுக்கு அனுப்புவதே திரட்டியின் வேலை. 2019இல் இரண்டு முந்தைய திட்டங்கள் இணைந்து உருவான ‘ஓப்பன் டெலிமெட்ரி’ என்ற திறந்த மூலத் திட்டம் இதற்கான பொதுமொழியை வகுத்துவருகிறது. செயல்திறன் விவரத்தையும் தன் அளவீட்டு வகைகளுள் ஒன்றாகச் சேர்க்கும் பணியை அது 2024இல் அறிவித்தது. ‘கிராஃபானா அலாய்’ போன்ற திரட்டிகளும் ‘பைரோஸ்கோப்’ போன்ற சேமிப்பகங்களும் இதே பணிக்கு உருவானவை. பெயர்கள் வேறானாலும், திரட்டியின் அமைவுக் கோப்பில் எழுதப்படுவது ஏறத்தாழ ஒன்றே: அளவுகளை எங்கிருந்து பெறுவது, பெற்றவற்றை என்ன செய்வது, எங்கே அனுப்புவது. பெறும் பகுதியில் எந்த நிரல்களைக் கவனிப்பது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை விவரத்தை எடுப்பது என்பவை குறிக்கப்படுகின்றன. நடுப்பகுதியில் ஒவ்வொரு விவரத்துக்கும் அடையாளச் சீட்டு ஒட்டப்படுகிறது. எந்தச் சேவை, எந்த ஊர்ச் சர்வர், நிரலின் எந்தப் பதிப்பு என்ற மூன்றும் இல்லாத விவரம், எந்த மட்டத்தில் எடுத்தது என்று தெரியாத கடல் வெப்பநிலையைப் போலப் பயனற்றது. வெளியே செல்லக் கூடாத கோப்புப் பாதைகளும் உட்பெயர்களும் அங்கேயே நீக்கப்படுகின்றன. சிறு சிறு செய்திகள் ஒரு கட்டாகச் சேர்க்கப்படுகின்றன.

அனுப்பும் பகுதியில்தான் அனுபவம் வெளிப்படுகிறது. சேர்முனையின் முகவரியும், நுழைவுக்கான சாவியும், வழியில் எவரும் படித்துவிடாதபடி மறையாக்கம் செய்யும் ஏற்பாடும் எழுதப்பட்டாலே செய்தி போய்விடும்; அது நல்ல நாளின் கதை. தொலைவில் உள்ள சேமிப்பகம் சிறிது நேரம் பதிலளிக்காமற் போனால் என்ன நடக்கும் என்பதையும் கோப்பு சொல்ல வேண்டும். அனுப்பப்படாத கட்டுகள் வரிசையில் காத்திருக்க வேண்டும். முதல் முயற்சி தோற்றால் சில விநாடிகள் கழித்தும், அதுவும் தோற்றால் இன்னும் நீண்ட இடைவெளி விட்டும் முயல வேண்டும். இல்லையேல், மீண்டெழ முயலும் சேமிப்பகத்தின்மீது நூறு திரட்டிகள் ஒரே நேரத்தில் பாய்ந்து அதை மறுபடியும் வீழ்த்திவிடும். வரிசைக்கு நீள வரம்பும் நினைவக வரம்பும் இருக்க வேண்டும். வரம்பின்றித் தேக்கிவைக்கும் திரட்டி, தான் கவனிக்க வந்த சர்வரின் நினைவகத்தையே தின்று அதை முடக்கிவிடும். இரண்டு சேர்முனைகளுக்கு அனுப்பும்போது ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை அமைக்காவிட்டால், ஒன்றின் தாமதம் மற்றொன்றையும் நிறுத்திவிடும். இவற்றுள் எதுவும் கடினமான தொழில்நுட்பம் அல்ல. ஆனால் முன்னமைவாக வந்த எண்களை அப்படியே விட்டுவிடுவதும், சேர்முனையை ஒருமுறையாவது வேண்டுமென்றே துண்டித்துச் சோதிக்காமல் இருப்பதும் பரவலாகக் காணப்படும் குறைகள்.

கணினியிலும் கடலிலும் பொதுவான இன்னொரு பிழை உண்டு, அது ஆபத்தானதும்கூட. அளவு வராததும், அளவு சுழியாக இருப்பதும் வெவ்வேறு செய்திகள். தானியங்கி மழைமானியின் புனலில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால், கொட்டும் மழையிலும் அது சுழியையே அனுப்பிக்கொண்டிருக்கும். சாவி காலாவதியான திரட்டி அமைதியாக இருக்கும்போது, சர்வருக்குப் பளுவே இல்லை என்பதுபோல் வரைபடம் படுத்துக் கிடக்கும். ஆகவே தேர்ந்த அமைவில், கருவியின் உடல்நலமும் ஓர் அளவாக அனுப்பப்படுகிறது: மின்கலத்தின் அழுத்தம் எவ்வளவு, கடைசியாகச் செய்தி வந்தது எப்போது, வரிசையில் தேங்கியது எவ்வளவு, கைவிடப்பட்டது எவ்வளவு. வங்கக் கடலின் மிதவைகளுக்கு இத்தகைய கண்காணிப்பு இன்றியமையாதது. மிதவையின் நிழலில் மீன்கள் கூடுவதால் படகுகள் அதை நாடி வருகின்றன. வலையும் கயிறும் உணரிகளை அறுத்துவிடுகின்றன. சூரியப் பலகைகளும் கருவிகளும் களவுபோனதும் உண்டு. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மீனவர் ஊர்களில் இதைப் பற்றி விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்திவருகிறது. அந்த மிதவை தரும் எச்சரிக்கையே தங்கள் குடும்பத்தைக் காக்கிறது என்பது படகில் இருப்பவருக்கு அனுபவமாகத் தெரியும்படி சேவை அமைந்தால், காவல் குறைவாகவே தேவைப்படும்.

அனுபவமாகத் தெரிவது என்ற இடத்தில்தான் மரக்காணத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை அடுத்த கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட, மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டரும், விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேலும் மழை கொட்டியது. இத்தகைய பெருநிகழ்வுகளின்போது மிதவை, செயற்கைக்கோள், ரேடார், கணினி என்ற சங்கிலி முழுவதும் விழித்திருக்கிறது. செய்தியும் வீடுதோறும் போய்ச் சேருகிறது. உப்பளத்துக்கோ நவம்பர் மாதம் பெரும்பாலும் வேலை முடிந்த காலம். பாத்தி மூழ்குவதும் வரப்பு உடைவதும் குவித்த உப்புக் கரைவதுமே அப்போதைய இழப்பு. விளைச்சல் உச்சத்தில் இருக்கும் கோடை மாதங்களிலும் அதன்பின்னும், மாலை நேரங்களில் திரண்டு வரும் இடிமழையால் நேரும் இழப்பு வேறு வகையானது. அந்த மழை ஆழ்கடல் வெப்பத்தால் வருவதன்று. நிலம் சூடேறி, கடற்காற்று மோதி, சில மணி நேரத்துக்குள் உருவாகிக் கலைந்துவிடும் மேகக் கூட்டம் அது. அதைக் காண்பவை சென்னை, காரைக்கால் ரேடார்களும் தரையில் உள்ள மழைமானிகளும்தான். தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவும் திட்டத்தை மேற்கொண்டிருப்பது இந்த வகையில் பெரிய முன்னேற்றம்.

ஆனால் செய்தியை அனுப்புவதற்கான வரம்பு யாருக்காக அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர்வரை பெய்வது லேசான மழை. கனமழை என்ற பெயர் 64.5 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. சாலையில் நீர் தேங்குவதையும் ஏரி உடைவதையும் மனத்தில் கொண்டால் இந்த வரம்பு சரியானதே. உப்புப் பாத்தியில் 10 மில்லிமீட்டர் மழை என்ன செய்யும் என்பது முன்னரே கணக்கிட்டுக் காட்டப்பட்டது. எச்சரிக்கைக்கு உரியது அல்ல என்று வடிகட்டப்படும் அந்த லேசான மழைதான் உப்பளத்தின் கனமழை. மீனவருக்கு மீன்வளப் பகுதி அறிவிப்பும் கடல்நிலை முன்னறிவிப்பும் ஹைதராபாத் மையத்திலிருந்து வருகின்றன. கரையிலிருந்து வெகுதொலைவில் கைபேசி எட்டாத இடத்திலும் எச்சரிக்கை கிடைக்க ‘ஜெமினி’ என்ற கருவி 2019இல் அறிமுகமானது. உழவருக்கு வேளாண் வானிலை ஆலோசனை பயிர்வாரியாகத் தரப்படுகிறது. இவை இரண்டும், ஒரே அளவீட்டை வெவ்வேறு சேர்முனைகளின் தேவைக்கேற்ப வெவ்வேறாக வடிகட்டி அனுப்பலாம் என்பதற்கு நடைமுறைச் சான்றுகள். உப்பளத்துக்கும் அவ்வாறே, சில மில்லிமீட்டர் மழைக்கும் எச்சரிக்கை எழும் தனி வரம்பும், வாரிக் குவித்து மூடுவதற்குப் போதுமான முன்னேரமும் கொண்ட தனி அறிவிப்பு வகுக்கப்பட வேண்டும்.

அதற்குப் புதிய மிதவையோ புதிய ரேடாரோ தேவையில்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சச்சேத்’ அமைப்பு வரைபடத்தில் ஓர் எல்லையை வரைந்து, அதற்குள் இருக்கும் கைபேசிகளுக்கு மட்டும் உள்ளூர் மொழியில் குறுஞ்செய்தி அனுப்ப வல்லது. மரக்காணம் உப்பளப் பரப்பை அத்தகைய ஓர் எல்லையாக வரைந்துவிடலாம். யாருக்கு அனுப்புவது என்பதும் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேலையற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. மழை பெய்து முடிந்த பின் பணம் அனுப்புவதற்காகத் தொகுக்கப்பட்ட அந்தப் பெயர்ப்பட்டியலையே, மழைக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் செய்தி அனுப்புவதற்கும் மாவட்ட நிர்வாகமும் வானிலைத் துறையும் பயன்படுத்த வேண்டும்.